சில்லறைப் பெட்டியில் போன பிளேடு

லோயிஸ் அத்தை கில்லம்ஸ் வெல் என்ற ஊரை விட்டுக் கிளம்பியது மார்ச் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலையில்தான் பண்ணை ஏலம் நடந்தது. விதைக்கும் இயந்திரம் முதல் துருப்பிடித்த வாளி வரை அத்தனை சாமானும் வீட்டுக்கு எதிரே மேய்ச்சல் நிலத்தில் வரிசை வரிசையாகக் கிடந்தது. ஏலக்காரர் ஒரு பிக்கப் வண்டியின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டே வரிசையோடு நகர, தொப்பி போட்ட கூட்டமும் கூடவே நகர்ந்தது. மாவட்டமே வந்திருந்தது. வாங்க வந்தவர்கள் பாதி, யார் எதை வாங்குகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள் பாதி.

அத்தை வெளியே வரவே இல்லை. "என் இடுக்கியை ஒருத்தன் எடுத்துத் திறந்து மூடிப் பாக்கிறதை நான் நின்னு பாக்கணுமா? என் வாயைத் திறந்து பல்லை எண்ற மாதிரி இருக்கும்டி," என்றாள். சமையலறையில் உட்கார்ந்து கடைசிப் பெட்டிகளை ஒட்டினாள். என்னை அனுப்பி, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டி இரண்டு வாங்கிவரச் சொன்னாள். ஒன்றைத் தின்றாள். மற்றதை வழிக்கு என்று சுற்றி வைத்தாள்.

மத்தியானம் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் டிரெய்லர்களில் சாமானை ஏற்றிக் கட்டிக்கொண்டு போனார்கள். நிலத்தை வாங்கியவர் பக்கத்துப் பண்ணைக்காரர். அவருக்கு வீடு தேவையில்லை. அத்தை கதவைப் பூட்டினாள், சாவியைக் கொடுத்தாள், என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"ஓட்டு. திரும்பிப் பாக்காதே. நானும் பாக்கல," என்றாள்.

போக வேண்டிய இடம் டம்பி பே. கடலோரம், இறங்குதுறைக்கு நாலு தெரு தள்ளி, இரண்டு அறை வீடு. கிளெம் மாமா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. ஆடும் கோதுமையும் தனியாளாகப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். அதை யாரும் பெரிய கதையாக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தாள்.

அத்தையை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது ஆடுகளால் அல்ல, அவள் செய்த இரும்புக் கேட்டுகளால். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் ஒரு கிடா முட்டி பட்டியின் கேட்டை உடைத்துவிட்டது. கிளெம் மாமாவுக்கு ஆடு தெரியும், இரும்பு தெரியாது. அவர் கேட்டைக் கயிற்றால் கட்டினார். அத்தை மூலையில் கிடந்த வெல்டிங் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தாள். முதலில் ஒட்டியது கண்றாவியாக இருந்தது என்று அவளே சொல்வாள். ஆனால் பிடித்துப்போயிற்று. அப்புறம் சொந்தப் பட்டி முழுவதும் குழாயில் கட்டினாள். பிறகு பக்கத்துப் பண்ணைகளுக்கு. அவள் தொங்கவிட்ட கேட்டை ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். காற்றடித்தாலும் தானாக ஆடாது. நான் எட்டு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, வழியில் கண்ட கேட்டுகளை வைத்தே ஊர் நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அன்று நாங்கள் பாதி தூரம் போயிருப்போம். அத்தையின் போன் அடித்தது. டேரல். வேலி போடும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன், முப்பது வயது, எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே பேசுவான். அத்தையின் இரும்பு வெட்டும் ரம்ப மெஷினை ஏலத்தில் அவன்தான் எடுத்திருந்தான். அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"லோயிஸ், மெஷின் பத்திரமா வீடு வந்து சேந்துடுச்சு. ஆனா மாட்டியிருக்கிற பிளேடு மொக்கையா இருக்கே. பிரிக்காத புதுசு ஒண்ணு கூட வரும்னீங்கல்ல?"

"அதுவா? கீல் வெச்சிருந்த டிராயர்ல இருக்கு, எடுத்துக்கோ."

"எந்த டிராயரு? ஏலத்துக்கு ஒத்தாசையா வந்த கிளப்காரங்க நேத்தே எல்லா டிராயரையும் பெட்டியில கவுத்துட்டாங்க. கீலு, கொக்கி, போல்ட்டுன்னு சில்லறைப் பெட்டியா நாலஞ்சு போச்சு."

அத்தை போனை வாயருகே கொண்டுவந்தாள்.

"பரவால்ல விடுங்க, நான் வேற வாங்கிக்க..."

"டேரல், கொஞ்சம் வாயை மூடு. அந்தப் பெட்டியை யாரு எடுத்தா?"

"தெரியாதே. நான் அப்போ டிரெய்லரைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "வண்டியை ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன். அவள் முகம் வெளுத்திருந்தது. ஒரு பிளேடு கை மாறியதற்கு ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. அங்கே, வண்டியை அணைக்காமல், அவள் சொன்ன கதையை அதற்கு முன் வெளியார் யாருக்கும் அவள் சொன்னதில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் எல்லோரையும் போல அத்தையும் கல் டிஸ்க் மாட்டிய பழைய மெஷினில்தான் இரும்பு வெட்டினாள். அது வெட்டும் என்பதைவிடத் தேய்க்கும் என்பதே சரி. பயங்கர வேகத்தில் சுற்றி, இரும்பைத் தேய்த்து எரித்து, வால் நட்சத்திரம் மாதிரி தீப்பொறி கக்கும். பார்லி அறுவடை சமயம், காற்றுள்ள ஒரு நாள், பட்டறை வாசலில் ஒரு குழாயை வெட்டினாள். பொறி காய்ந்த புல்லில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது நெருப்பு வேலியைத் தாண்டி, ஹெட்லி ட்ரெலோர் அங்கே வைத்திருந்த மேய்ச்சல் நிலத்துக்குள் போய்விட்டது. ஹெட்லி தன் பிக்கப்பில் தண்ணீர்த் தொட்டியோடும் பம்போடும் ஓடிவந்தார். ஊரே ஓடிவந்தது. ஆடுகள் தப்பின. ஹெட்லியின் தீவனமும் வேலியும் போயின. "பழைய வேலிதான், விடு," என்றார் அவர். பிறகு இருபது வருஷமும் எங்கே பார்த்தாலும், "லோயிஸ் வர்றா, தண்ணி வண்டியை எடுங்கடா," என்று கத்தாமல் விட்டதில்லை.

அத்தை அன்றோடு கல் டிஸ்க்கைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தாள். போர்ட் லிங்கனில் ஒரு கருவிக் கடைக்குப் போனாள். அங்கே கார்பைடு பல் வைத்த ரம்பத்தைக் காட்டினார்கள். மரம் அறுக்கிற வட்ட ரம்பம் மாதிரிதான் இருக்கும், ஆனால் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கார்பைடு துண்டுகளைப் பற்றவைத்துப் பல்லாக்கியிருக்கும். அது இரும்பைத் தேய்க்காது, சீவி எடுக்கும். பொறி அபூர்வம். வெட்டிய முனையில் பிசிறு இருக்காது. கொஞ்ச நேரத்தில் கையால் தொடலாம். மெல்லிய குழாய்க்கு நெருக்கமான பல், கனத்த இரும்புக்குத் தள்ளித் தள்ளிப் பல் என்று கடைக்காரர் விளக்கினார். அத்தைக்கு எல்லாம் பிடித்தது, மெஷினின் விலையைத் தவிர. பிளேடை மட்டும் வாங்கினாள். நடு ஓட்டையை அளந்து பார்த்தாள். வீட்டிலிருக்கிற பழைய மெஷினுக்கு அப்படியே பொருந்தும் அளவு. பொருந்தினால் போதாதா?

போதாது. கார்பைடு பிளேடுக்கென்று செய்த மெஷின் நிதானமாகச் சுற்றும். பழையது அதைப்போல மூன்று மடங்கு வேகம். மூன்றாவது வெட்டில் ஒரு பல் பிய்ந்து பறந்தது. கிளெம் மாமா அத்தைக்கு டீ கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தார். பல் அவர் காதோரமாகப் போய்ப் பட்டறையின் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. அவர் துளையைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "நாளைக்கே போய் அந்த மெஷினையும் வாங்கிட்டு வந்துடு," என்றார்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல," என்றாள் அத்தை. "ஊரைக் கொளுத்தினவன்னு ஒரு பேரு இருக்கு. புருஷனைச் சுடப் பாத்தான்னு இன்னொண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன். இப்போ அதே மாதிரி ஒரு புது பிளேடு யார் வீட்டுலயோ இருக்கு. இந்த மாவட்டத்துல பழைய கல் டிஸ்க் மெஷின் இல்லாத ஷெட்டே கிடையாது. ஓட்டை பொருந்துதான்னுதான் பாப்பான். நான் அதைத்தானே பாத்தேன்."

ஏலக்காரருக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. அத்தை யோசித்தாள். "ஜாய்லினுக்குப் போடு."

ஜாய்லின் ஏலத்தில் ஊர் நெட்பால் கிளப் போட்டிருந்த தின்பண்ட மேஜையைப் பார்த்துக்கொண்டவள். ஏலத்தில் எதை வாங்கினாலும் கடைசியில் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"கீல் பெட்டியா?" என்றாள் ஜாய்லின். "ஹெட்லி. வேற யாரு? என் மேஜை மேல டமார்னு வெச்சாரு, ரெண்டு லாமிங்டன் கேக் நசுங்கிப்போச்சு. நசுங்கினதைப் பாதி விலைக்குத் தர்றியான்னு வேற கேக்குறாரு மனுஷன். நசுக்கினதே அவரு!"

"அதுல அட்டை உறை போட்டு வட்டமா ஒரு பிளேடு..."

"ஆமாமா. வெளியில எடுத்து, மூஞ்சி பாக்கிற கண்ணாடி மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'அப்படியே என் மெஷினுக்குப் பொருந்தும், கல் டிஸ்க் வாங்கியே அழிஞ்சேன்'னு ஒரே சந்தோஷம். ஏன் லோயிஸ், என்ன ஆச்சு?"

"அவரு இப்போ எங்க?"

"வீட்டுக்கு ஓடினாரு. மெர்ல் இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு நாளைக்கு வீட்டுக்கு வர்றால்ல? வாசப்படிக்குக் கைப்பிடி போட்டே ஆகணுமாம். மூணு மாசமா போடச் சொன்னா, இன்னைக்குத்தான் போடுறாரு."

அத்தை கண்ணை மூடித் திறந்தாள். "இன்னைக்கே குழாய் வெட்டுவான்," என்றாள் என்னிடம்.

ஹெட்லியின் வீடு அத்தையின் பண்ணையிலிருந்து டம்பி பே பக்கமாக வெகு தூரம் தள்ளி இருந்தது. அங்கே போன் அடித்து அடித்து நின்றது. செல்போன் அவர் வைத்திருக்கவில்லை. அவர் மனைவி மெர்ல் வைத்திருந்தார், அது அவரோடு ஆஸ்பத்திரியில். அவர் வீட்டுக்கு அருகில் இருந்தவர்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு அடிலெய்டு போயிருந்தார்கள். ஜாய்லின் தானே போகிறேன் என்றாள். ஆனால் அவள் இன்னும் ஏலம் நடந்த இடத்தில் மேஜைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள், ஹெட்லியின் வீட்டுக்கு எங்களைவிடத் தூரத்தில் இருந்தாள். அத்தை டேரலைத் திரும்ப அழைத்தாள்.

"மெஷினை மறுபடி வண்டியில ஏத்து. ஹெட்லி வீட்டுக்கு வா."

"இப்பதானே இறக்கினேன்!"

"ஏத்துடா."

நான் வண்டியைத் திருப்பினேன். தார் ரோடு முடிந்து சரளை ரோடு வந்தது. பின்னால் தூசி மலை மாதிரி எழுந்தது. அத்தை இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் மெஷினோட மூடியை எப்பவோ கழட்டி எறிஞ்சுட்டான்," என்றாள். "பெரிய குழாய் உள்ள போகலைன்னு கழட்டினான். கண்ணாடியும் போடமாட்டான். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதுவே போதும்பான். இரும்பைக் கிளாம்ப்ல இறுக்கவும் மாட்டான், பூட்ஸ் காலால மிதிச்சுக்குவான். கல் டிஸ்க்னா அதுல தப்பிச்சுடலாம். கார்பைடு பல்லுக்கு இரும்பு ஒரு முடி அளவு ஆடினாலும் ஆகாது, மெஷின் சரியா இருந்தாக்கூட. இன்னும் வேகமா போ."

"இதுக்கு மேல போனா கவுந்துருவோம் அத்தை."

"அப்போ இதே வேகத்துல போ."

ஹெட்லியின் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு முழுக்க ஆடு. யாரோ மந்தையை ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் இருந்த பெண் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். ஹார்ன் அடித்தால் மந்தை சிதறிவிடும், அதைவிடத் தாமதமாகும். எங்களுக்கு அது தெரியும். உட்கார்ந்திருந்தோம். கடைசி ஆடு, கால் தாங்கித் தாங்கி நடக்கிற ஒரு கிழட்டு ஆடு, ரோட்டின் நடுவில் நின்று எங்களையே பார்த்தது.

"நகரு தாயே," என்றாள் அத்தை தணிந்த குரலில். "உன் கால்ல விழறேன், நகரு."

ஹெட்லியின் கேட் கீல் இல்லாத கேட். கம்பியால் கட்டி, கம்பி அறுந்தபோது கயிற்றால் கட்டியிருந்தார். நான் இறங்கி முடிச்சை அவிழ்க்கிறபோதே சத்தம் கேட்டது. ஷெட்டுக்குள்ளிருந்து இரும்பு அலறுகிற சத்தம். அத்தை வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். முடிச்சு அவிழ்வதற்குள் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து ஓட ஆரம்பித்தாள். அறுபத்தெட்டு வயதில், ஊருக்குப் போகப் போட்டிருந்த நல்ல காலணியோடு.

நான் பின்னால் ஓடினேன். ஷெட் வாசலில் அவள் சட்டென்று நின்றுவிட்டாள். உள்ளே இருட்டாக இருந்தது. ஹெட்லி எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். அவர் முன்னாலிருந்து தரையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பொறி கொட்டிக்கொண்டிருந்தது. கருகிய பசை நாற்றம் மூக்கில் ஏறியது. கல் டிஸ்க்கின் நாற்றம்.

"பொறி," என்றாள் அத்தை. "பொறி வருது! கல் டிஸ்க்டி, கல் டிஸ்க்கு!"

தீப்பொறியைப் பார்த்து என் அத்தை சந்தோஷப்பட்டதை அன்று மட்டும்தான் பார்த்தேன். சுவரோரம் போய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். அலறல் இறங்கி, முனகி, நின்றது.

ஹெட்லி நிமிர்ந்தார். மூக்கில் படிக்கிற கண்ணாடிதான். "யாருடா அது கரண்டை... ஏம்மா லோயிஸ்! நீ டம்பி பே போயிட்டேன்னு ஊரே அழுதுக்கிட்டு இருக்கு. இங்க எதைக் கொளுத்த வந்தே?"

"யோவ் ஹெட்லி, அந்த பிளேடு எங்கே?"

"எந்த பிளேடு?"

"என் டிராயர்ல இருந்த பிளேடு!"

"ஓ, அதுவா? அதோ. அது உன்னுது இல்ல, என்னுது. ஏலத்துல எடுத்தது."

மேஜை மேல் அது உறை பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஸ்பேனர் தயாராக இருந்தது. பல் ஒவ்வொன்றும் பளபளத்தது. அத்தை அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஏன் மாட்டல?"

ஹெட்லி கொஞ்சம் அவமானப்பட்ட மாதிரி மெஷினைக் காட்டினார். கல் டிஸ்க் தேய்ந்து தேய்ந்து தேநீர்த் தட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. "இதுல இன்னும் ரெண்டு வெட்டு பாக்கி இருக்கு. தீராம எப்படித் தூக்கிப் போடுறது? இதைத் தீத்துட்டு அப்புறம் அதை மாட்டலாம்னு..."

அத்தை ஒரு எண்ணெய் டிரம் மேல் உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது, பிறகு மறுபடி சிரிப்பு. "உன் கஞ்சத்தனம் நல்லா இருக்கணும்யா," என்றாள். "உன் கஞ்சத்தனம் நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

"இவளுக்கு என்ன ஆச்சு?" என்று ஹெட்லி என்னைக் கேட்டார். "வெயிலா?"

அத்தை சொன்னாள். பொருந்திய ஓட்டையைப் பற்றி, மூன்று மடங்கு வேகத்தைப் பற்றி, கிளெம் மாமாவின் காதைப் பற்றி. தகரத்தில் விழுந்த துளையைச் சுண்டு விரலைக் காட்டி அளவு சொன்னாள். ஹெட்லி முதலில் சிரித்தபடிதான் கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. மெஷினைப் பார்த்தார். மூடி இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். தான் குனிந்திருந்த இடத்திலிருந்து தன் முகம் எவ்வளவு தூரம் என்று கையை நீட்டி அளந்தார். கையை முழுக்க நீட்ட வேண்டியிருக்கவில்லை.

"மெர்ல் நாளைக்கு வர்றா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காகவும் இல்லை. பிறகு அவரும் ஒரு டிரம்மைத் தேடி உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"மெர்ல்கிட்ட சொல்லிடாதே," என்றார்.

"நான் ஏன் சொல்றேன்?"

"இடுப்பு ஆறுற வரைக்குமாவது."

டேரல் வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மெஷினை இறக்க நாங்கள் எல்லோரும் கை கொடுத்தோம். பிளேடு விஷயத்தில் ஹெட்லி அசையவில்லை. பணம் வேண்டாம் என்றார், இனாமாகவும் தரமாட்டேன் என்றார். கடைசியில், "ஆறு வெட்டு வெட்டிக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. கீல் பெட்டி எனக்கே," என்றார்.

"மூணு மாசமா போடாத கைப்பிடிக்கு ஓசியில ஆளா?" என்றான் டேரல்.

"நீ மெல்றதை நிறுத்திட்டுப் பேசு தம்பி, ஒண்ணும் புரியல."

முதலில் அத்தை தானே வெட்டினாள். பிளேடை மாட்டி, சுற்றும் திசையை ஒருமுறை பார்த்து, நட்டை இறுக்கினாள். முதல் குழாயை வைத்துக் கிளாம்ப்பைத் திருகினாள். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். திருப்தியில்லாமல் இன்னும் அரைத் திருகு கொடுத்தாள். ஹெட்லியின் மூக்கிலிருந்து படிக்கிற கண்ணாடியைக் கழற்றி, டேரலிடமிருந்த வேலைக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். மெஷினைப் போட்டாள். சத்தம் ஏறி நிலைக்கிறவரை காத்திருந்தாள். பிறகு, கதவைத் தள்ளுகிற மாதிரி அல்ல, தூங்குகிற குழந்தையின் மேல் போர்வை போடுகிற மாதிரி பிளேடை இறக்கினாள். புது பிளேடு என்பதால் முதல் வெட்டை இன்னும் மெதுவாக. இரும்புச் சீவல் அடியில் இருந்த தட்டில் சொரிந்தது. துண்டு விழுந்தது. ஓரிரண்டு பொறிக்கு மேல் பறக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து ஹெட்லி அந்த முனையைத் தொட்டுப் பார்த்தார். விரலை விளிம்பில் ஓட்டினார். "அரம் போட வேண்டாமா?"

"வேண்டாம்."

"இத்தனை வருஷமா இதை வெச்சுக்கிட்டா எனக்குச் சொல்லாம இருந்தே?"

"நீ எங்க என்னைப் பேச விட்டே? பாத்தாலே தண்ணி வண்டி தண்ணி வண்டின்னு கத்துவே."

நான்காவது குழாய் மெலிதானது. இந்தப் பிளேடின் பல் அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளித் தள்ளி இருந்தது. தான் வெட்டுவதாக முன்னே வந்த டேரல் வேகமாக அமுக்கப் போனபோது அத்தை அவன் மணிக்கட்டைத் தட்டினாள். மற்றதை அவனே சரியாக வெட்டினான். வெட்டிய துண்டுகளை ஹெட்லி வாங்கி வாங்கி வரிசையாக அடுக்கினார். தரையில் கிடந்த சீவலை மட்டும் வெறுங்கையால் அள்ளப் போய் விரலைக் கிழித்துக்கொண்டார். "அதான் பாத்தேன், நீ இன்னைக்கு ஒரு துளி ரத்தமும் பாக்காம தூங்கப் போறியான்னு," என்றாள் அத்தை.

டேரலின் வெல்டிங் பெட்டியால் ஒட்டியது அத்தை. பிடித்துக் கொடுத்தது நான். படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி நின்றது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்காரி மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து ஏறி இறங்கிப் பார்த்தாள். உயரம் போதவில்லை என்றாள். மெர்ல் குள்ளம், சரியாக இருக்கும் என்றார் ஹெட்லி. சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். டேரல் மெஷினையும் பிளேடையும் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனான். அவன் போகும் முன் ஹெட்லி தன் ஷெட்டின் பின்னால் குடைந்து தேடி, வருஷக்கணக்காகக் கிடந்த மெஷின் மூடியை எடுத்துவந்தார். அதற்குள் ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது.

அன்று நாங்கள் அங்கேயே தங்கினோம். வழிக்கு வைத்திருந்த பேஸ்டியை மூன்றாகப் பிரித்துத் தின்றோம். மறுநாள் காலை, மெர்லை அழைத்துவர ஹெட்லி முன்னால் போக, நாங்கள் பின்னால் அதே ரோட்டில் போனோம். அத்தை வழியெல்லாம் தூங்கினாள். வண்டி குலுங்கியும் எழவில்லை. இரண்டு மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

டம்பி பேயில் அவள் இருக்கிற வீட்டில் பட்டறை கிடையாது. மீன்பிடிக்கப் போகிறவர்களோடு இறங்குதுறையில் நின்று அவர்கள் தூண்டில் தாங்கி செய்திருக்கிற விதத்தைக் குறை சொல்கிறாள். அவர்களில் யாரோ ஒருவர் ஒரு வெல்டிங் பெட்டியைக் கடனாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் பற்றிப் புகார் சொல்ல வந்து, தன் வண்டிக் கொட்டகையின் கதவை அவளைக் கொண்டே சரிசெய்துகொண்டு போனார். நான் சில வாரம் அவளோடு இருந்துவிட்டு வடக்கே வேலைக்குப் போனேன்.

நவம்பரில், அறுவடை தொடங்கிய வாரம், மெர்லிடமிருந்து அத்தையின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அத்தை அதை அப்படியே எனக்கும் அனுப்பினாள்.

"லோயிஸ், நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு ஷெட்ல உக்காந்து எதுக்கு அழுதீங்கன்னு இந்த ஆளு இப்பதான் வாயைத் திறந்தாரு. எட்டு மாசம்! காலையில கேட்டேன், மத்தியானம் வரைக்கும் திட்டிட்டேன். சாப்பாடு போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். எதிர்ல உக்காந்து தலையை ஆட்டிக்கிட்டே தின்னுக்கிட்டு இருக்காரு. திட்டுறதுக்கு ஆள் இருக்குறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"